ராட்டர்டாமிலிருந்து ஒரு பிறந்த வீட்டுக் கோடி

1

முன்பின் தெரியாத ஒரு மனிதருக்காக நாற்பது நிமிடம் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். கருணையால் அல்ல, கவனக்குறைவால். இதை நான் சொல்லாவிட்டால் திருவொற்றியூரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. அதனால் முந்திக்கொள்கிறேன்.

சென்ற நவம்பரில் என் அக்கா கஸ்தூரியின் கணவர் சேகர் மாமா திருவொற்றியூரில் காலமானார். மாரடைப்பு. காலையில் டீ குடித்து, பேப்பரை மடித்து, மடித்த பேப்பர்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். எதையும் சத்தமில்லாமல் அதனதன் இடத்தில் இறக்கிவைப்பது அவர் பழக்கம்.

நான் இருப்பது நெதர்லாந்தில், ராட்டர்டாம் நகரத்தில். போக முடியவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது சர்க்கார் விஷயம், நிதானமாகச் சொல்லவேண்டும்.

"சின்ன மாமா, லைவ் போட்றோம், பாருங்க" என்றாள் அக்காவின் மகள் செல்வி. எங்கள் பக்கத்தில் இப்போது காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மரணம் நான்கையும் ஒரே ஸ்டுடியோக்காரர் ஒரே கேமராவில் நேரலையாக அனுப்பிவிடுகிறார். அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே காலை பத்தரை. வெளியே பனிமூட்டம்; எதிர்வீட்டுக் கூரைகூட யோசித்து யோசித்துத்தான் தெரிந்தது. ஒரு விளக்கை ஏற்றினேன். மனைவி மல்லிகாவையும் மகள் யாழினியையும் பக்கத்தில் உட்காரவைத்து, கைபேசியை மேசைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, வந்திருந்த இணைப்பைத் தட்டினேன். பந்தல் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. மாலைக் குவியலுக்கு நடுவே ஒரு முகம். அழ ஆரம்பித்தேன்.

மாமா கொஞ்சம் கறுத்திருந்தார். மீசை வேறு இருந்தது. மாமாவுக்கு மீசை கிடையாது. மரணம் மனிதனின் முகத்தை எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது என்று அப்போது தத்துவார்த்தமாக நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அக்காவைக் காணோம். உள்ளே மயங்கிக் கிடப்பாள் என்று எண்ணி அதற்கும் சேர்த்து அழுதேன். நாலு புத்தகம் படித்தவன் அழுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டான் அல்லவா? படத்துக்குக் கீழே, "நான் கண்ட மிக உயரமான மனிதரே, போய் வாருங்கள்" என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் யாரோ பதில் எழுதினார்கள்.

"அண்ணே, ஒங்கள தெர்லியே. எங்க நைனாவுக்கு நீங்க இன்னா வேணும்?"

யாழினிக்குப் பதினாறு வயது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பந்தலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பேனரை அவள் கூட்டி முடிக்கவும் இந்தப் பதில் வரவும் சரியாக இருந்தது.

"அப்பா, அங்க ஏ... காம்... பரம்னு போட்டிருக்கு. மாமா பேர் சேகர்தானே?"

அந்த ஸ்டுடியோக்காரருக்கு அன்று இரண்டு சாவு; இன்னொரு கேமராவை இரவல் வாங்கியிருந்தார். இரண்டு இணைப்புகளையும் ஒரே செய்தியில் அனுப்பியிருந்தார். செல்வி அழுகையில் அதை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள். நான் மேலே இருந்ததைத் தட்டியிருந்தேன். பதறிப்போய்க் கீழே இருந்ததைத் தட்டியபோது, பந்தல் காலியாக இருந்தது. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தெருவெல்லாம் சாமந்தி உதிர்ந்து கிடந்தது. எங்கோ தள்ளிப் போய்விட்ட மேளச் சத்தம் கரைந்துகொண்டிருந்தது. ஒரு நாய் வந்து கேமராவை உற்றுப் பார்த்துவிட்டுப் போயிற்று. மாமாவின் கடைசிப் பயணத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

2

இது வெறும் வேடிக்கையாக முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம், நான் ஏகாம்பரத்துக்காக அழுதுகொண்டிருந்த அந்த நாற்பது நிமிடத்தில் அங்கே நடந்தது. செல்விதான் மறுநாள் சொன்னாள்.

தூக்கப்போகிற நேரத்தில் அக்காவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"டேய் தம்பி, ஒங்க மாமா போறாருடா. நல்லா பாத்துக்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாளாம். பிறகு செல்வியிடம் கேட்டிருக்கிறாள்.

"இன்னாடி சொல்றான்?"

செல்வி கைபேசியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மஸ்கட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர், கடையில் உட்கார்ந்தபடியே எழுதியிருந்தார்.

"மாமா ஒண்ணும் எயுதலம்மா."

அக்கா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம்.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், 'நெட் கட்டாகிவிட்டது' என்று சொன்னால் உலகம் முழுவதும் நம்புகிறது. ஆனால் அக்காவிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

"யாரோ ஏகாம்பரமாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"நல்லா அயுதியா?"

"அயுதேன்க்கா."

"போவட்டும். அந்த வூட்டுக்காரங்களுக்காச்சும் ஆறுதலா இருந்திருக்கும்."

வைத்துவிட்டாள். அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் நெருங்கியபோது செல்வி கூப்பிட்டாள். கணவனை இழந்தவளுக்கு அன்று பிறந்த வீட்டிலிருந்து சகோதரன் புதுப்புடவை கொண்டுவந்து தோளில் போடவேண்டும். அதுதான் கோடி. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருவன்தான். அந்தப் பிறந்த வீடு தற்போது ராட்டர்டாமில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ராயபுரத்துச் சித்தப்பா மகன் குமார், "நான் எடுத்துகினு வந்து போடறேன், அதுல இன்னா" என்று சொல்லியிருக்கிறான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"குமாரு கையால வாங்கறதுக்கு நான் குமாரு கூடவா பொறந்தேன்? எந்தம்பி கையால போட்டா போடட்டும். இல்லாகாட்டி யாரும் போட வாணாம். நான் சொம்மாவே எய்ந்துக்கறேன்."

செல்வி இதை அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பிறகு தன் குரலில், "மாமா, சொம்மா எய்ந்துட்டா அத்த வச்சே பேசுவாங்க. அம்மாவுக்கு இனிமே ஆருமே இல்லன்னு ஆயிடும். எதுனா பண்ணு மாமா" என்றாள்.

3

இனி அந்தச் சர்க்கார் விஷயம்.

மாமா இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் நான் இந்த நாட்டின் குடிமகன் ஆனேன். நகராட்சிக் கூடத்தில் வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னோம். கேக் கொடுத்தார்கள். கேக்கின் உச்சியில் ஆரஞ்சு நிறப் பூச்சு இருந்தது. அது இங்கே தேசபக்தியின் நிறம். புதிய பாஸ்போர்ட் வந்தது. பழையதைச் சட்டப்படி இந்தியத் தரப்பில் ஒப்படைத்தேன். ஒப்படைத்தாயிற்று என்று ஒரு காகிதம் வரவேண்டும். அது வந்தால்தான் விசா. ஆக, என் கையில் உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் பறந்து போகக்கூடிய புத்தம்புதிய பாஸ்போர்ட் இருந்தது, ஒரே ஒரு நாட்டைத் தவிர. அந்த ஒரு நாட்டில்தான் எனக்கு வேலை இருந்தது.

காகிதத்தைத் துரிதப்படுத்த முடியுமா என்று ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். இனிமையான குரலில் ஒரு பெண் பேசினாள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு? அக்காவின் கணவர். விசைப்பலகை தட்டும் ஓசை. "அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை. இந்த ஐந்தில் ஒன்றைத்தான் நான் தேர்வு செய்ய முடியும், ஐயா." ஒரு கணம் சபலம் தட்டியது. மாமாவை அப்பா ஆக்கினால் அக்கா அம்மா ஆகிவிடுவாள். அவள் ஆயுள் முழுக்க என்னிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறாள் என்றாலும், அதைக் காகிதத்தில் ஒத்துக்கொள்ளத் துணிவு வரவில்லை. வேண்டாம் என்றேன்.

மாடிப்படியில் எதிர்வீட்டு ஆன்னி நின்றாள். எழுபது வயதுக்காரி, கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தவர். என் கையைப் பிடித்து, டச்சில் துக்கம் விசாரித்தாள். இந்த மொழியில் எனக்குப் பழக்கமான பதில்கள் ஏழெட்டுத்தான் உண்டு. மனது எங்கோ இருந்தது. "நன்றி, உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். தெருமுனை திரும்பியபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆன்னி அதையும் பொறுத்துக்கொண்டாள்.

4

மாமாவின் கிரேன் அறைக்குள் நான் ஒருநாளும் ஏறியதில்லை. வெளியாட்களை விடமாட்டார்கள். ஆனால் அங்கிருந்து பார்த்த கடல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காசிமேட்டுப் படகுகள் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள்போல் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள், வானத்தைத் தொட்டும் தொடாமலும். வெகுதூரத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியாது. ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று காணாமல் போயிருக்கும். காலுக்குக் கீழே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே, ஆடி ஆடி இறங்கும் ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றின் ஓசை, யாரோ பக்கத்து அறையில் புடவையை உதறுவதுபோல.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாமா சொன்னவை. திருவொற்றியூர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்வார். வஞ்சிரம் துண்டு ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, என் இலைக்கு மேலே கொண்டுவந்து, சற்று நிறுத்தி, ஆட்டம் அடங்கியபிறகு இறக்குவார். சோறு ஒரு பருக்கை சிதறாது.

"மேலருந்து பாத்தா அல்லாருக்கும் மண்டதான்டா தெரியும். ஆபீசர் மண்ட, மூட்ட தூக்கறவன் மண்ட, அல்லாம் ஒண்ணுதான். எவனுக்கு சொட்ட வுழுதுன்னு மட்டும் எனுக்கு மொதல்லியே தெரிஞ்சிடும்."

"சோத்த துன்னுட்டு பேசு. மேலயே குந்தினு கீறதா நெனப்பு" என்பாள் அக்கா.

இப்போது தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும் வழியில் கிரேன்கள் நிற்கின்றன. பனிமூட்டத்தில் அவற்றின் கால் தெரியாது; தலை மட்டும் மிதக்கும். சில இடங்களில் அவற்றுக்குள் ஆளே கிடையாது, எங்கோ ஓர் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இயக்குகிறார்கள். ஒருமுறை இதை மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆளே இல்லியா?"

"இல்ல மாமா."

"அப்ப டீ டைம்ல அது இன்னாடா பண்ணும்?"

இந்தக் கேள்வியை நான் வேலை செய்யும் கம்பெனியின் ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன்.

இப்படிப்பட்ட குறிப்புகளை நான் ஊர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறார். கருத்துக் கேட்டேன். "நல்லாத்தான் கீது. நடுவுல நடுவுல நீ வந்துகினே கீற. அத்த மட்டும் எடுத்துடு" என்றார். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம். அவருடைய சாவுக்கே நடுவில் நான் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும்.

அந்தப் பதினாறு நாளும் எனக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. டிராமில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னலில் ஆவி படிந்திருக்கும். விரலால் துடைத்தால் வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலை தெரியும் என்று ஒரு நிச்சயம் வரும். கண்டெய்னர் லாரிகள் அணையாத விளக்கோடு வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். துடைக்கமாட்டேன். துடைத்தால் ராட்டர்டாம்தான் தெரியும்.

5

எதையாவது செய்யவேண்டும். பதினாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே கடற்கரையில் காரியம் முடிந்து, வீட்டுக்கு வந்து, கோடி போடுகிற நேரம் மதியம் ஒரு மணி. இங்கே காலை எட்டரை. அதே நேரத்தில் இங்கே என் வீட்டில் மாமாவுக்குப் படையல் போட்டு, கோடிப் புடவையை அவர் படத்துக்கு முன்னால் வைத்து வணங்குவது, அதைச் செல்வி கைபேசியில் அக்காவுக்குக் காட்டுவது என்று முடிவாயிற்று.

"அம்மாகிட்ட முன்னாடியே சொல்ல மாட்டேன். சொன்னா எய்ந்து போயிடும். போன காட்டறேன், பாத்தா பாக்கட்டும்" என்றாள் செல்வி.

புடவைக்கு எங்கே போவது? மல்லிகாவின் பெட்டியில் பிரிக்காத புடவைகள் இருந்தன. ஆனால் கோடி என்பது கடையிலிருந்து நேராக வரவேண்டும். இன்னொருத்தி பெட்டியில் தூங்கி எழுந்து வரக்கூடாது. இந்த ஊரில் சுரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் உண்டு. அவர்களில் ஒரு அம்மாள் நடத்தும் துணிக்கடைக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கல்யாணப் பெண்ணின் நிறம் என்ன?" என்று டச்சில் கேட்டாள் அந்த அம்மாள்.

நான் விளக்க முயன்றேன். தடுமாறுவதைப் பார்த்துவிட்டு யாழினி குறுக்கிட்டு, மூன்று வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தாள். தன் அண்ணன் சுரினாமின் தலைநகர் பரமாரிபோவில் இருக்கிறான், தன் கணவர் இறந்தபோது அவனாலும் வர முடியவில்லை என்றாள். பிறகு கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு வருத்தத்தோடு, "ஆனால் என்னிடம் இருப்பதெல்லாம் கல்யாணத்துக்குத்தான்" என்றாள்.

உண்மை. அந்தக் கடை ஒரு பட்டாசுக் கிடங்குபோல் மின்னிக்கொண்டிருந்தது. மூவரும் சேர்ந்து அரை மணி நேரம் தேடி, இருப்பதிலேயே அடக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தோம். கிளிப்பச்சை. ஜிகினா ஓரத்தில் மட்டும்.

டிராமில் திரும்பும்போது யாழினி பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இத ஏன் நீதான் போடணும்? அத்தைக்குப் பிடிச்ச புடவைய அத்தையே வாங்கிக்கலாமே?" என்றாள்.

தமிழில் யோசித்தேன். டச்சில் யோசித்தேன். "அவ தனியா எழுந்திருக்கக் கூடாதுன்னுதான்" என்றேன் கடைசியில். இறங்கும்போது அவள் பையை என்னிடம் கொடுக்காமல் தானே எடுத்துவந்தாள்.

மல்லிகா பையைப் பிரித்துப் பார்த்தாள். "இதக் கோடின்னு சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானை நுனியில் மஞ்சள் தடவி வைத்தாள்.

6

ஞாயிறு காலை. வெளியே இன்னும் முழுக்க விடியவில்லை. ஜன்னலெல்லாம் பால் பூசியதுபோல் பனி. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாகக் கூவியது. அந்தக் கூவல் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பாஷை.

மாமாவின் துறைமுக அடையாள அட்டைப் படத்தைச் செல்வி அனுப்பியிருந்தாள். அதைப் பெரிதாக்கி வைத்திருந்தோம். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கி, அவர் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. படையலுக்கு அவருக்குப் பிடித்தவை. கடற்கரை நிலையத்துப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ அவருக்கு உயிர். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், தட்டுவடை எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். நானே பிசைந்தேன். கோயம்புத்தூர்க்காரர்களான நண்பர் குடும்பம் ஒன்று வந்திருந்தது. "சாமிக்கு இதுங்களா?" என்று அந்த அம்மையார் மல்லிகாவின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. பக்கத்திலேயே ஒரு தட்டில் பொறை, அந்த மொறுமொறு ரொட்டி. டீயில் நனைத்துத் தின்பதற்கு மாமாவுக்குத் தினமும் இரண்டு பொறை வேண்டும். நம்மூர்ப் பொறைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒரு வட்ட ரொட்டி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

ஆன்னியும் வந்தாள், கறுப்பு உடையில். தட்டைப் பார்த்ததும் அவள் முகம் குழம்பியது. இங்கே அந்த ரொட்டியை விருந்தினருக்குக் கொடுத்தால் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள். "யாருக்குக் குழந்தை?" என்று மெதுவாகக் கேட்டாள். யாழினி அவளிடம் டச்சில் விளக்கினாள். இவர் இதை டீயில் முக்கித் தின்பார், அதனால் வைத்திருக்கிறோம். ஆன்னி படத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"டீ எங்கே?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டீயை மறந்திருந்தோம். ஆன்னியே அடுக்களைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

எட்டரைக்குக் கைபேசி அடித்தது. படத்துக்கு முன்னால் செம்பில் சாய்த்துவைத்திருந்தேன். செல்வியின் கன்னம் தெரிந்தது, பிறகு பந்தல் துணி, பிறகு வெயில். அந்த வெயில் எங்கள் அறைக்குள் ஒரு மஞ்சள் சதுரமாக வந்து விழுந்ததுபோல் இருந்தது. அதன் நடுவில் அக்கா மனையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பதினாறு நாளில் பத்து வயது கூடியிருந்தது. கைபேசியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிப் பெண்கள். அவர்களில் மூத்த ஒருத்தி அவளை அதட்டினாள்.

"இன்னாடி கஸ்தூரி, எம்மா நேரம் குந்தினு கீறது? குமாரு புடவ வச்சிகினு நிக்கறான் பாரு."

"வாணாம் அத்த."

"பொறந்த வூட்டு கோடி இல்லாம எய்ந்துக்கப் போறியா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அதான் பொறந்த வூடே இல்லியே" என்றாள் அக்கா, தரையிடம்.

செல்வி கைபேசியை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோயிருக்க வேண்டும். திரை முழுவதும் அக்காவாக ஆயிற்று. "அம்மா, மாமா கீறாரும்மா. பாரும்மா."

அவள் பார்த்தாள். நான் இந்தப் பக்கம் இரண்டு கையிலும் பச்சைப் புடவையை ஏந்திக்கொண்டு, ரயிலைத் தவறவிட்டவன்போல் நின்றேன். நாங்கள் போட்டிருந்த திட்டப்படி அதை மாமாவின் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். பேசுவதற்குக்கூட நல்ல தமிழில் நாலு வரி தயாரித்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"அக்கா" என்றேன். "கொஞ்சம் தலைய குனிக்கா."

அந்தப் பக்கம் சத்தமெல்லாம் அடங்கிற்று. யாரோ "இன்னா சொல்றான்?" என்றார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏழு வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற பார்வை. பிறகு, கழுத்து வலிக்கிறவள்போல மெதுவாக, தலையைக் குனிந்தாள். திரையில் அவள் வகிடு தெரிந்தது. நரைத்த, எண்ணெய் காணாத வகிடு. மேலிருந்து பார்த்தேன்.

புடவையைப் பிரித்துக் கைபேசியின்மேல் போர்த்திவிட்டேன்.

அவ்வளவுதான். யோசித்துச் செய்யவில்லை. அக்கா மறைந்தாள், வெயில் மறைந்தது, மேசைமேல் ஒரு பச்சைக் குவியல், அதற்கு உள்ளிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம். துணிக்குள்ளிருந்து திருவொற்றியூர் கேட்டது. ஒரு காகம். யாரோ செருமுவது. லாரியின் ஹாரன். மின்விசிறியின் கிறீச். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. முதலில் எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அக்காவின் அழுகை. சாவன்றைக்கும் அவள் வாய்விட்டு அழவில்லை என்று செல்வி சொல்லியிருந்தாள். இப்போது அழுதாள். அந்தப் பச்சைத் துணி அவள் அழுகிற அளவுக்கு அசைவதுபோல் எனக்குத் தோன்றியது.

இங்கே யாரும் நகரவில்லை. ஆன்னி கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். யாழினி வந்து புடவையின் ஒரு நுனியை, கைபேசியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த நுனியை, இழுத்துச் சரிசெய்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இணைப்பு தானாக அறுந்தது. உள்ளே இருந்த வெளிச்சம் அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி சற்று விலகி, ஒரு கிரேனின் தலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. ஆன்னி போட்ட டீயில் ஆவி அடங்கியிருந்தது. பிறகு எல்லோரும் அத்தோ சாப்பிட்டோம். கோயம்புத்தூர் அம்மையார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை செல்வி பேசினாள்.

"மாமா, புடவ வுழுந்துச்சு இல்ல, போன் ஃபுல்லா பச்சையாயிடுச்சு. அம்மா ரெண்டு கையாலயும் தோள் மேல எதையோ இயுத்து இயுத்துப் போத்திகிச்சி. ஒண்ணுமே இல்ல மாமா அங்க. ஆனா நல்லா போத்திகிச்சி. அப்பால அதுவே எய்ந்துகிச்சி. யாரும் ஒண்ணும் கேக்கல."

"குமாரு?"

"குமாரு மாமாவும் அயுதுட்டாரு. புடவய வூட்டுக்கு எடுத்துகினு போயிட்டாரு."

7

அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் ஒரு மிதப்பில் இருந்தேன். கடல் தாண்டிக் கோடி போட்ட முதல் தம்பி நான்தான் என்று ஒரு நினைப்பு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததுகூட அந்த மிதப்பில்தான். முடிவுரையாக, தூரம் என்பது மனத்தில்தான் இருக்கிறது என்பதுபோல ஒரு வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"அந்த பேப்பரு வந்துச்சா?"

"இன்னும் வரல. இந்த மாசத்துக்குள்ள வந்துடும்னு சொல்றாங்க."

"ம்."

அவள் பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உணர்ச்சியோடு ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏன்டா, அது இன்னா கலருடா? போன்ல பாசி புடிச்சா மேரி. அந்த ஜிகினாவ கட்டிகினு நான் எங்க போறது? அத்த அங்கியே ஆருக்குனா குட்துடு. நீ வரும்போது வண்ணாரப்பேட்டையில வேற எடுத்துக்கலாம். நானும் கூட வரேன். ஒனுக்கு புடவ எடுக்கத் தெர்ல."